இருட்டில் செருப்பு மாட்டும் கால்

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரிய நண்பர்களுக்கு,

முப்பத்தோரு ஆண்டுகள் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். உங்களில் சிலர் என் வகுப்பிலேயே படித்தவர்களாக இருக்கலாம். அப்படியானால் இந்த மடலில் பாதி, உங்களிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு.

ஒளிசுழற்சி மாற்றியம் நடத்துகிறோம். நான்கு வெவ்வேறு தொகுதிகள் சேர்ந்தால் சீர்மையற்ற கார்பன். மூலக்கூறும் அதன் ஆடிப் பிம்பமும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தா. ஒன்று வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி. சம அளவில் கலந்தால் சுழிமாய்க் கலவை. லாக்டிக் அமிலத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். பல வாரங்கள் கழித்து உயிர்வேதியியல் வரும். நொதி என்போம், ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு படம். இரண்டு பாடங்களுக்கும் நடுவில் உள்ள கதவை யாரும் திறப்பதில்லை.

ஒரு மாணவி திறக்கப் பார்த்தாள். "சார், உருகுநிலை ஒண்ணு, கொதிநிலை ஒண்ணு, தண்ணியில கரையறதும் ஒரே மாதிரிங்கறீங்க. அப்ப நொதிக்கு மட்டும் எப்படி சார் வித்தியாசம் தெரியுது?" என்றாள். "பூட்டு, சாவிம்மா" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். விடை கிடைத்து உட்காரவில்லை, மரியாதைக்கு உட்கார்ந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கே விடை தெரியாது என்பதை அன்று இரவு ஒப்புக்கொண்டேன்.

இன்று அவளுக்குச் சொல்வதென்றால் செருப்பிலிருந்து தொடங்குவேன். மின்சாரம் போன இரவில் வாசலில் செருப்பைத் துழாவுகிறோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வலக்காலை இடச்செருப்புக்குள் நுழைத்த நொடியே கால் சொல்லிவிடுகிறது. காலுக்குக் கண்ணில்லை. கால் தானே வலக்காலாக இருப்பதால்தான் அதற்குத் தெரிகிறது. அதே காலைக் காலுறைக்குள் விட்டுப் பாருங்கள். எந்தக் காலுறையும் எந்தக் காலுக்கும் போகும். காலுறைக்கு இடம் வலம் கிடையாது.

வெப்பமும் தண்ணீரும் நாம் ஆய்வகத்தில் ஊற்றும் அமில காரங்களும் காலுறைகள். நொதி செருப்பு.

இந்த உவமையை இன்னும் ஒரு படி இழுத்தால்தான் வேதியியல் வருகிறது. வலக்கால் வலச்செருப்பில் இருக்கும் சோடிக்கு ஆடிப் பிம்பம் எது? இடக்கால் இடச்செருப்பில் இருக்கும் சோடி. இடக்கால் வலச்செருப்பில் இருப்பது அதற்குப் பிம்பமே அல்ல, வேறொரு பொருள். மூலக்கூறுகளிலும் இதே கணக்குத்தான். ஆடிப் பிம்பங்கள் இரண்டும் தனியே இருக்கும்போது ஆற்றலில் இம்மியும் வேறுபடுவதில்லை. ஒரே நொதியோடு சேர்ந்தபின் அவை ஒன்றுக்கொன்று பிம்பங்களாக இல்லாமல் போகின்றன. பிம்பமல்லாத இரண்டு பொருள்களின் ஆற்றல் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒன்று ஏற வேண்டிய மேடு தாழ்ந்திருக்கும், மற்றதற்கு உயர்ந்திருக்கும்.

அந்த உயர வேறுபாடு மிகப் பெரிதாக இருக்க வேண்டியதும் இல்லை. 25 டிகிரி செல்சியசில் மோலுக்கு 2.7 கிலோகலோரி வேறுபாடு இருந்தால் போதும், ஒரு வகை மற்றதைவிட நூறு மடங்கு வேகமாக வினைபுரியும். இன்னொரு 2.7 சேர்ந்தால் பத்தாயிரம் மடங்கு. அடுக்குக்குறித் தொடர்பு அப்படி. ஒன்றிரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் சரியாக அமைவதும் அமையாததும்தான் இந்த வித்தியாசம்.

பாஸ்டர் 1848-இல் சோடியம் அம்மோனியம் டார்டாரேட் படிகங்களைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்த கதையை எல்லோரும் நடத்துகிறோம். அந்த இரு வகைப் படிகங்களும் தனித்தனியே விழுவது ஏறக்குறைய 27 டிகிரிக்குக் கீழேதான். அவர் பாரிசில் இல்லாமல் சென்னையில் வேலை பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வகுப்பில் கேட்டுச் சிரிக்க வைப்பேன். பத்து ஆண்டு கழித்து அவர் கண்டதைத்தான் நடத்தாமல் விட்டேன். இரு வகை டார்டாரேட்டும் சம அளவில் கலந்த கரைசலில் நுண்ணுயிர்கள் வளர்ந்தன. தொடக்கத்தில் அந்தக் கரைசல் ஒளியைச் சுழற்றவில்லை. நாளாக ஆக இடப்பக்கம் சுழற்றத் தொடங்கியது. நுண்ணுயிர்கள் வலஞ்சுழி வகையை மட்டும் தின்று இடஞ்சுழி வகையை இலையில் ஒதுக்கிவிட்டன. சாமணத்தோடு மனிதன் குனிந்து செய்த வேலையை நுண்ணுயிர்கள் கண்ணில்லாமல் செய்தன. நம் வீட்டுப் புளியில் நிறைந்திருக்கும் டார்டாரிக் அமிலமும் அவை தின்ற அதே வலஞ்சுழி வகைதான்.

இந்த இடத்தில் பிள்ளைகள் குழம்புவார்கள், குழம்பட்டும். புளியின் அமிலம் ஒளியை வலப்பக்கம் சுழற்றுகிறது. பெயரோ எல்-டார்டாரிக் அமிலம். டி, எல் என்பவை அணுக்கள் அடுக்கப்பட்ட முறைக்கு நாம் வைத்த பெயர்கள், ஒளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதோடு அவற்றுக்கு உறவில்லை. சங்கு விஷயத்திலும் இதே வம்பு உண்டு. நாம் வலம்புரி என்று பூசையறையில் வைப்பதை விலங்கியல் நூல்கள் இடச்சுழல் சங்கு என்கின்றன. சங்கு ஒன்றுதான், பிடித்துப் பார்க்கும் திசை வேறு.

நொதி ஏன் செருப்பானது? அது அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த சங்கிலி. கிளைசினுக்கு இடம் வலம் கிடையாது. அதைத் தவிர, சங்கிலியில் கோக்கப்படும் அத்தனையும் எல் வகை. கோத்த சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும், எப்படி மடங்க முடியாது என்று 1963-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரனும் உடன் பணியாற்றிய ராமகிருஷ்ணனும் சசிசேகரனும். அந்த வரைபடத்தைப் பார்த்தால் எல் வகைக்கு வலச்சுருள் வசதியாக அமைவதும், இடச்சுருளுக்குக் கொஞ்சம் இடமே மிஞ்சுவதும் தெரியும். டி வகைக்கு வரைபடத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிக்கொள்ளலாம். ஆக, ஒரு கார்பனின் இடம் வலம் சுருளுக்குப் போகிறது, சுருளிலிருந்து மடிப்புக்கு, மடிப்பிலிருந்து கிளர்வு மையத்தின் குழிக்கு. கிண்டிக்குப் பக்கத்தில் நடந்த வேலை இது. நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

சரி, நொதியையே ஆடிப் பிம்பமாகச் செய்தால்? செய்து பார்த்துவிட்டார்கள். எய்ட்ஸ் வைரசின் புரதம் வெட்டும் நொதி 99 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய சங்கிலி. இரண்டு சங்கிலிகள் சேர்ந்து வேலை செய்யும். 1992-இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஸ்டீபன் கென்ட் குழுவினர் அதை முழுக்க டி அமினோ அமிலங்களால் வேதிமுறையில் கட்டினார்கள். எல் நொதி எல் புரதத் துண்டை மட்டும் வெட்டியது, டி நொதி டி துண்டை மட்டும். இடம் வலம் இல்லாத ஒரு தடுப்பானைப் போட்டபோது இரண்டுமே ஒன்றுபோல அடங்கின. செருப்பும் காலுறையும் ஒரே சோதனையில். இதைவிடத் தெளிவாக அந்த மாணவிக்கு நான் என்ன காட்ட முடியும்?

இனி நான் எழுத உட்கார்ந்ததன் காரணத்துக்கு வருகிறேன். நாம் நடத்துவதில் ஒரு வரி, பிள்ளைகளை ஓரிடத்தில் தவறாகவே நிறுத்திவிடுகிறது. நான்கு தொகுதிகளும் வெவ்வேறாக இருந்தால்தான் இடம் வலம் என்ற பேச்சு, இல்லையென்றால் இல்லை என்பது அந்த வரி. இதே எண்ணத்தில் உலகின் பெரிய உயிர்வேதியியலாளர்களே சுமார் ஏழு ஆண்டுகள் தடுக்கி விழுந்து கிடந்தார்கள்.

1937-இல் கிரெப்ஸ் தன் சுழற்சியைச் சொன்னார். அதில் சிட்ரிக் அமிலம் உண்டு. 1941-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் அதைச் சோதித்தன. புறா ஈரலை எடுத்துக்கொண்டு, அடையாளமிட்ட கார்பன் கொண்ட கார்பன் டை ஆக்சைடைக் கொடுத்து, அந்த அடையாளம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தார்கள். வுட், வெர்க்மன் குழு கனமான கார்பன்-13-ஐப் பயன்படுத்தியது. சிகாகோவில் எவன்சும் ஸ்லோட்டினும் கையாண்டது இருபது நிமிடத்தில் பாதியாகத் தேயும் கதிரியக்கக் கார்பன்-11. ஆய்வை முடிப்பதற்குள் அடையாளமே அழிந்துகொண்டிருக்கும். ஓட்டமும் நடையுமாகச் செய்திருக்க வேண்டும். இந்த லூயி ஸ்லோட்டின்தான் பின்னர் லாஸ் அலமோசில் புளூட்டோனியக் கோளத்தோடு நேர்ந்த விபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளாகி 1946-இல் இறந்தவர்.

கண்டது என்ன? ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டில் அடையாளம் ஒரே ஒரு கார்பாக்சில் தொகுதியில் இருந்தது, கீட்டோ தொகுதிக்குப் பக்கத்தில் இருப்பதில். மற்றதில் இல்லை. இது எப்படி? சிட்ரிக் அமிலத்தின் நடுக் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில், ஒரு கார்பாக்சில், மீதி இரண்டும் ஒரே மாதிரியான நீண்ட கைகள். சீர்மையுள்ள மூலக்கூறு. வழியில் அது உண்டாகியிருந்தால் இரண்டு கைகளும் சமம், அடையாளம் பாதிப்பாதியாகப் பிரிந்திருக்க வேண்டும். பிரியவில்லை. ஆகவே சிட்ரிக் அமிலம் இந்தப் பாதையிலேயே இல்லை என்று முடிவு கட்டினார்கள். நம் பாடத்தில் உள்ள வரியை வைத்துப் பார்த்தால் அந்த முடிவில் குற்றமே சொல்ல முடியாது.

1948-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் நேச்சர் இதழுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். புதிய சோதனை எதுவும் அதில் இல்லை, யோசனை மட்டும். மூலக்கூறு சீர்மையானதுதான், ஆனால் அதைப் பிடிக்கும் நொதி அப்படியல்லவே என்றார். நொதி மூலக்கூறை மூன்று இடங்களில் பிடித்து, அந்த மூன்றில் ஓரிடத்தில் மட்டுமே வினை நடக்குமானால், ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கைகளில் எப்போதும் ஒரே கைதான் அந்த இடத்தில் போய் உட்காரும்.

நம் உடம்பை வைத்தே இதைக் காட்டலாம். உள்ளே இதயம் ஒருபக்கம் சாய்ந்திருப்பதை மறந்துவிட்டு வெளித்தோற்றத்தை மட்டும் பாருங்கள். உடம்பும் அதன் ஆடிப் பிம்பமும் ஒன்றுதான். உடம்பு சீர்மையானது. அதற்காக வலக்கை உறையை இரண்டு கைகளிலும் மாட்ட முடியுமா? உறை ஒரு கையைத்தான் ஏற்கும், எத்தனை முறை முயன்றாலும் அதே கையைத்தான். சிட்ரிக் அமிலம் அந்த உடம்பு, அகோனிடேஸ் என்ற நொதி அந்த உறை. ஆக்சலோஅசிட்டேட்டிலிருந்து வந்த கையில் மட்டும் அது கை வைக்கிறது. அசிட்டைல் தொகுதியிலிருந்து வந்த கையைத் தொடுவதில்லை. அடுத்த ஆண்டே பாட்டரும் ஹைடல்பெர்கரும் அடையாளமிட்ட சிட்ரிக் அமிலத்தைக் கொண்டு இதைச் சோதனையிலும் உறுதிசெய்தார்கள். சிட்ரிக் அமிலம் தன் இடத்துக்குத் திரும்பியது. 1953-இல் கிரெப்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சாராயத்திலும் இதே கதை. எத்தனாலின் ஒரே கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்கள் இருக்கின்றன, நமக்கு அவை ஒன்றுதான். ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் எப்போதும் அவற்றில் குறிப்பிட்ட ஒன்றையே எடுக்கிறது. வெஸ்ட்ஹைமர், வென்னஸ்லாண்ட் குழுவினர் 1950-களின் தொடக்கத்தில் சிகாகோவில் டியூட்டீரியத்தை வைத்து அதைக் காட்டினார்கள்.

ஆக்ஸ்டனின் மூன்று புள்ளிப் படம் எளிமையானது, கரும்பலகையில் அழகாக வரும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். மூலக்கூறு ஒரே பக்கத்திலிருந்து மட்டும்தான் நொதியை நெருங்கும் என்ற எண்ணம் அந்தப் படத்துக்குள் ஒளிந்திருக்கிறது. தட்டையான பரப்பென்றால் சரி. நொதியின் கிளர்வு மையம் குழி. மறுபக்கத்திலிருந்தும் நுழைய வழியிருந்தால் எதிர்ப் பிம்பமும் அதே மூன்று புள்ளிகளைத் தொட்டுவிடும். அப்போது நான்காவதாக ஒன்று தேவை, இன்னொரு புள்ளியோ, வரும் திசைக்கு ஒரு கட்டுப்பாடோ. 2000-ஆம் ஆண்டில் மெசெக்கரும் கோஷ்லாண்டும் ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ் நொதியில் இதைக் கண்டார்கள். மக்னீசியம் அயனி இருந்தால் அந்த நொதியின் குழியில் டி-ஐசோசிட்ரேட் உட்காருகிறது. மக்னீசியத்தை எடுத்துவிட்டால் அதே குழியில் எல் உட்காருகிறது. பூட்டை மாற்றாமல் வேறு சாவி! "பூட்டு, சாவிம்மா" என்று சொன்ன வாய் இப்போது கூசுகிறது. எமில் ஃபிஷர் 1894-இல் அந்த உவமையைச் சொன்னபோது அது பெரிய சிந்தனை. நூறு ஆண்டுக்குப் பிறகும் அதையே முழு விடையாகச் சொன்னது என் சோம்பல்.

எடுத்துக்காட்டு கேட்பார்கள். தயிரைச் சொல்லுங்கள். பால் புளிக்கும்போது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் தருவது எல்-லாக்டிக் அமிலம். லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் தருவது டி வகை. இட்லி மாவைப் பொங்க வைக்கும் லியூகோனோஸ்டாக்கும் டி வகையைத்தான் தரும். ஓடிக் களைத்த நம் தசையில் சேர்வதோ எல் வகை. நாக்குக்கு இரண்டும் புளிப்புதான். உடம்பின் நொதிகளுக்கு அப்படியில்லை. எல் வகைக்குக் கைதேர்ந்த நொதி எங்கும் இருக்கிறது, டி வகையை உடம்பு மெதுவாகத்தான் கரைக்கிறது. நலமாக இருப்பவர் தயிர்சாதத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. சிறுகுடலின் பெரும்பகுதியை அறுவை செய்து எடுத்துவிட்ட சிலருக்குத்தான் சிக்கல். செரிக்காத மாவுப்பொருள் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் டி-லாக்டிக் அமிலத்தை அளவில்லாமல் உண்டாக்கிவிடும். நாக்குக் குழறும், நடை தள்ளாடும். பார்ப்பவர் குடித்திருக்கிறார் என்பார்கள். இரத்தத்தில் லாக்டேட் அளவைப் பார்த்தால் சரியாக இருப்பதாகவே தாள் வரும். ஏனென்றால் வழக்கமான அந்தப் பரிசோதனையே எல் வகையை மட்டும் பிடிக்கும் ஒரு நொதியை வைத்துச் செய்வது. வலச்செருப்பை வைத்துக்கொண்டு இடக்கால்களை எண்ணச் சொன்னால் அது பூச்சியம் என்றுதானே சொல்லும்? மனிதரில் இந்நோய் 1979-இல்தான் முதலில் விவரிக்கப்பட்டது.

மருந்துகளைப் பற்றி ஒரு தவறை நான் பல ஆண்டுகள் நடத்தினேன். தாலிடோமைடு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, கருவில் இருந்த பல்லாயிரம் குழந்தைகளைக் குலைத்து, 1961-இல் திரும்பப் பெறப்பட்ட மருந்து. ஒரு பிம்பம் தூக்கம் தரும், மற்றது ஊனம் தரும், பிரித்துக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று உருக்கமாகச் சொல்வேன். உண்மை வேறு. உடம்புக்குள் போனபின் இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொள்கின்றன. நல்லதை மட்டும் கொடுத்தாலும் கெட்டது உள்ளே உண்டாகியிருக்கும். என்னிடம் படித்தவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதிலாக ஐபுபுரோஃபனைச் சொல்லலாம். கடைகளில் கிடைக்கும் மாத்திரை பெரும்பாலும் சுழிமாய்க் கலவை. வலியைக் குறைப்பது எஸ் வகை. கூடவே போகும் ஆர் வகையின் கணிசமான பகுதியை உடம்பே எஸ் வகையாகத் திருப்பிவிடுகிறது. எஸ் மட்டும் ஆர் ஆவதில்லை. காரணம், முதல் படியில் துணைநொதி-ஏ-யை ஒட்டும் நொதி ஆர் வகையை மட்டுமே ஏற்கிறது. திருப்பிப் போடும் வேலை இரண்டு பக்கமும் நடக்கக்கூடியது என்றாலும், அதற்குள் நுழையும் வாசல் ஒரு காலுக்கு மட்டும்தான்.

கடைசியாக ஒன்று, ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்திலிருந்து. புரதம் கோக்கும்போது எப்போதாவது ஒரு டி அமினோ அமிலம் தவறிப்போய்க் கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏறிவிடும். அதை இறக்கிவிட செல்லில் டி.டி.டி. என்ற காவல் நொதி ஒன்று இருக்கிறது. சங்கரநாராயணன் குழுவினர் அதன் அமைப்பைப் பார்த்து, அது டி வகையை எப்படி அடையாளம் காண்கிறது என்பதற்கு எதிர்பாராத விடை சொன்னார்கள். அது டி வகையைத் தேடிப் பிடிப்பதே இல்லை. வாசலில் ஒரு கிளைசினையும் ஒரு புரோலினையும் குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்தியிருக்கிறது. எல் வகை எதுவானாலும் அங்கே முட்டிக்கொள்ளும். முட்டாதது உள்ளே போகும். அப்படியானால் இடமும் வலமும் இல்லாத கிளைசின் வந்தால்? அதுவும் முட்டாமல் உள்ளே போய்விடுகிறது. அதைக் காக்க செல் வேறொரு புரதத்தைத் துணைக்கு வைத்திருக்கிறது. பிடித்தும் பிரிக்கலாம், தடுத்தும் பிரிக்கலாம். பூட்டும் சாவியும் என்ற ஒரே படத்தில் இதற்கு எங்கே இடம்?

உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். தேர்வு, செய்முறை, பதிவேடு, கூடுதல் வகுப்பு எல்லாம் நானும் பார்த்தவன். பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. இரண்டு வகுப்பு வேளை கேட்கிறேன். ஒளிசுழற்சி மாற்றியம் நடத்தும் அன்று ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி, ஒரு சோடி செருப்பையும் ஒரு சோடி காலுறையையும் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். நொதி நடத்தும் அன்று ஓர் எலுமிச்சம்பழம் கொண்டுபோங்கள். அதன் புளிப்பைக் கரும்பலகையில் சிட்ரிக் அமிலமாக வரைந்து, "இதில் சீர்மையற்ற கார்பன் எது?" என்று கேளுங்கள். எதுவும் இல்லை என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு, 1941-இன் புறா ஈரலிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி கேட்டு உட்கார்ந்த அந்த மாணவி இன்று உங்களில் ஒருத்தியாக இருக்கவும் கூடும். இருந்தால், அம்மா, விடை தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற முதுகலை வேதியியல் ஆசிரியன்